புதுத் தவளை இனமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கோடை மழை ஒன்று நன்றாக இறங்கினால் போதும், பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து தவளைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: “இது புது இனமா?” ஒரு புதுத் தவளை இனத்தை எப்படி அடையாளம் காண்கிறார்கள், எப்படி விவரித்துப் பெயர் வைக்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அடிக்கடி வருகிற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம்முடையது வறண்ட பூமி. புது இனமெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தானே கிடைக்கும்?

அங்கே நிறையக் கிடைக்கிறது என்பது உண்மை. 2014-இல் 14 நடனத் தவளை இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். 2017-இல் ஏழு இரவுத் தவளைகள் வந்தன. அவற்றில் நான்கு, கட்டைவிரல் நகத்தில் உட்காரும் அளவுக்குப் பொடிசு. ஆனால் அங்கே ஆட்கள் நிறையத் தேடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமவெளித் தவளை என்றால் “எல்லாம் தெரிந்ததுதானே” என்று தாண்டிப் போகிற வழக்கம் நெடுங்காலமாக இருந்தது.

அந்த எண்ணம் சரியில்லை என்பதற்கு ஓசூருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020-இல் பெங்களூரு நகரின் புறப்பகுதியிலிருந்து மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு தவளையைப் புது இனமாக விவரித்து, ‘ஸ்பீரோதீக்கா பெங்களூரு’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் ஊரின் ஓரத்திலேயே பெயரில்லாமல் ஒரு தவளை இருந்திருக்கிறது. அங்கிருந்து இங்கே நிலம் மாறுவதில்லை. அதே பீடபூமி, அதே செம்மண், அதே கேழ்வரகுக் காடு.

மேற்கே பிலிகிரிரங்கன் மலையிலிருந்து 2000-இல் ஒரு குறுவாய்த் தவளை விவரிக்கப்பட்டது. அந்த மலையின் சோளிகர் பழங்குடியினரை நினைத்து அதற்கு ‘மைக்ரோஹைலா ஷோலிகரி’ என்று பெயர் வைத்தார்கள். அந்த மலைக்கும் நமக்கும் இடையில் காவிரிக் காடுதான் இருக்கிறது. நம் பக்கம் மேலகிரி, வத்தல்மலை, சித்தேரி மலை என்று எத்தனையோ இடங்கள் உண்டு. 2014-இல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022-இல் காவிரி தெற்கும் சேர்ந்தது. இந்தக் காடுகளில் யானையைத் தேடிப் போகிற அளவுக்குத் தவளையைத் தேடி யாரும் போவதில்லை. உங்கள் ஊரில் புது இனம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தேடிப் பார்க்காமலே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்கிறேன்.

பெருமழைக்கு மறுநாள் குட்டையில் பளிச்சென்ற மஞ்சள் தவளைகள் கூட்டமாக வந்தன. இதுவரை பார்த்ததே இல்லை. புது இனம்தானே?

ஒவ்வொரு வருடமும் வருகிற கேள்வி இது. அவை நம் வயல்களில் எப்போதும் இருக்கிற பெருந்தவளைதான். 1802-இலேயே அறிவியல் பெயர் பெற்றுவிட்டது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளைக்கு மட்டும் உடம்பு எலுமிச்சை மஞ்சளாக மாறும், தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் புடைக்கும். சில நாளில் நிறம் இறங்கிப் பழைய பச்சைப் பழுப்புக்குத் திரும்பிவிடும். பெண் தவளை இந்த நிறத்துக்கு மாறாது. யாராவது அதைப் பிடித்துச் சாக்கில் கட்டினால் தடுங்கள். பெருந்தவளைகளைக் காலுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்ததால் வயல்களில் எண்ணிக்கை விழுந்து, 1987-இல் இந்தியா அந்த ஏற்றுமதியையே நிறுத்தியது.

ஒரே குட்டையில் முதுகில் கோடு உள்ள தவளையும் கோடு இல்லாத தவளையும் இருக்கின்றன. இரண்டு இனமா?

பெரும்பாலும் ஒரே இனம்தான். வயலோரச் சிறு தவளைகளில் முதுகுத்தண்டு வழியாக வெள்ளைக்கோடு ஓடுவதும் ஓடாததும் நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்குச் சுருட்டை முடி, இன்னொருவருக்கு நேர்முடி என்பது போல. நிறத்தையும் நம்பக்கூடாது. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை காலையில் வெளிறியும் இரவில் பழுப்பாகவும் இருக்கும். வயது, ஆண் பெண் வேறுபாடு, ஈரம், வெளிச்சம் எல்லாமே தோற்றத்தை மாற்றும். ஒரே ஒரு தவளையை வைத்துக்கொண்டு புது இனம் என்று சொல்லத் தயங்குவது இதனால்தான். ஓர் இனத்துக்குள்ளேயே வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தால்தான் அதைத் தாண்டி நிற்பது எது என்று சொல்ல முடியும்.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

முதலில் உடல் அளவுகள். மூக்கு நுனியிலிருந்து பின்துவாரம் வரை உள்ள நீளம்தான் அடிப்படை. அப்புறம் தலையின் நீள அகலம், கண்ணின் விட்டம், செவிப்பறையின் விட்டம், கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடைவெளி, தொடை, கெண்டைக்கால், பாதம், ஒவ்வொரு விரலின் நீளம் என்று பட்டியல் நீளும். டிஜிட்டல் காலிபரில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை எடுப்பார்கள். பெரிய தவளைக்கு எல்லாமே பெரிதாகத்தான் இருக்கும் என்பதால் வெறும் அளவைவிட விகிதம்தான் பேசும். உடல் நீளத்தில் கெண்டைக்கால் எத்தனை பங்கு, கண்ணோடு ஒப்பிட்டால் செவிப்பறை எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள்.

ஒரு சின்ன உறுப்பை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நிலக்கடலை பிடுங்கும்போது மண்ணோடு மண்ணாக ஒரு குண்டுத் தவளை புரண்டு வரும். கால் குட்டை, மூக்கு மழுங்கல், பார்த்தால் தேரை என்றுதான் தோன்றும். அதைப் புரட்டிப் பின்னங்காலின் உள்ளங்காலைப் பாருங்கள். பெருவிரலுக்குப் பின்னால் கெட்டியாக, விளிம்பு கூராக, மண்வெட்டி வடிவில் ஒரு புடைப்பு இருக்கும். தரையில் விட்டால் பின்னங்கால்களை மாற்றி மாற்றி இழுத்து, மண்ணை இரு பக்கமும் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கும். கடைசியில் கண்கள் மட்டும் தெரியும், அப்புறம் அதுவும் மறையும். இந்தப் புடைப்பின் நீளத்துக்கும் பக்கத்திலுள்ள விரலின் நீளத்துக்கும் உள்ள விகிதம், வளை தோண்டும் தவளைகளில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க உதவுகிற முக்கிய அடையாளங்களில் ஒன்று. நாம் வருடா வருடம் கையில் எடுத்துப் போடுகிற தவளையில் இத்தனை சேதி இருக்கிறது.

இதோடு விரல்களுக்கு நடுவிலுள்ள சவ்வு எதுவரை வருகிறது, விரல் நுனியில் வட்டு உண்டா, மேலண்ணத்தில் பல் உண்டா, தோல் வழவழப்பா சொரசொரப்பா என்பதையும் ஒவ்வொன்றாக எழுதுவார்கள்.

சத்தத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா?

முடியும். களத்தில் என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் வழி. மணலுக்குள் கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சொல்லி வைத்தது அனுபவத்தில் பார்த்த உண்மை. கத்துவது பெரும்பாலும் ஆண், தன் இனத்துப் பெண்ணைக் கூப்பிடுவதற்காக. பெண் தன் இனத்தின் குரலுக்குத்தான் வரும். அதனால் தோற்றத்தில் பிரிக்கவே முடியாத இரண்டு தவளைகள் குரலில் தெளிவாகப் பிரிந்து நிற்பதுண்டு.

அஞ்செட்டிப் பக்கம் மழைக்குப் பிந்திய இரவொன்றில் ஒரு குட்டையின் கரையில் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரே இரைச்சலாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் காது பிரிக்கத் தொடங்கும். தண்ணீருக்குள்ளிருந்து கனத்த குரல் வரும், அது பெருந்தவளை. சேற்றோரப் புல்லடியிலிருந்து கரகரவென்று விடாமல் வருவது குறுவாய்த் தவளை. இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் உடம்பு, சத்தம் அந்தக் குட்டையையே நிறைக்கும். டார்ச்சைப் போட்டுத் தேடினாலும் எளிதில் அகப்படாது. கால் தடத்தில் தேங்கிய தண்ணீரோரம், தொண்டையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆய்வில் இந்தக் குரலைப் பதிவு செய்து கணினியில் வரைபடமாக்குவார்கள். ஒரு கத்தல் எத்தனை மில்லிவினாடி, அதற்குள் எத்தனை துடிப்பு, ஒலி எந்த ஹெர்ட்ஸில் உச்சம் தொடுகிறது என்று அளப்பார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு. வெப்பம் கூடினால் துடிப்பின் வேகம் கூடும். உடம்பு பெரிதானால் குரல் கனக்கும். அதனால் பதிவோடு அன்றைய வெப்பநிலையும் தவளையின் அளவும் இல்லாவிட்டால் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு எதையும் சொல்ல முடியாது.

டிஎன்ஏ சோதனை ஒன்று செய்தால் போதாதா?

போதாது. தவளைகளுக்கு வழக்கமாக உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பிலுள்ள 16எஸ் என்ற மரபணுவின் ஒரு துண்டைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த இனங்களின் வரிசையோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு சுமார் 3 சதவீதத்தைத் தாண்டினால் “இதைக் கவனி” என்று அர்த்தம். தீர்ப்பே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொலைவில் பிரிந்து வாழும் ஒரே இனத்தின் கூட்டங்களுக்குள்ளும் வேறுபாடு அதிகமாக இருக்கலாம். அண்மையில் பிரிந்த இரண்டு நல்ல இனங்களுக்குள் குறைவாகவும் இருக்கலாம். உடல், குரல், மரபணு, வாழிடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் ஒரே பக்கம் கைகாட்டினால்தான் நம்பிக்கையோடு எழுதலாம்.

உண்மையில் கடினமான வேலை எது?

பழைய பெயர்களைத் தீர்ப்பது. வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத பாடு இதுதான், இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

புது இனம் என்றால் யாரும் பார்க்காதது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே பெயர் பெற்ற எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை என்று நிரூபிக்கப்பட்டது என்று அர்த்தம். நிரூபிக்க வேண்டுமானால் அந்தப் பழைய இனங்கள் ஒவ்வொன்றும் எது என்று தெரிந்தாக வேண்டும். விலங்குகளின் பெயர்க் கணக்கு 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸின் நூலிலிருந்து தொடங்குகிறது. நம் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றுக்கு 1799-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் ஷ்னைடரும், 1850-களில் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெர்டனும் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து விவரணை சில வரிகளில் முடிந்துவிடும். எந்த ஊரில் பிடித்தது என்பது ‘கிழக்கிந்தியா’, ‘கர்நாடகப் பகுதி’ என்ற அளவில்தான் இருக்கும். மாதிரிகள் சில ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நிறம் போய்க் கிடக்கின்றன, சில தொலைந்தே போயின.

இன்னொரு சிக்கல் தவறான பெயர் ஒட்டிக்கொள்வது. நம் வயலோரச் சிறு தவளையை நூறு வருடத்துக்கும் மேலாக ‘லிம்னோகாரிஸ்’ என்று புத்தகங்களில் எழுதி வந்தார்கள். அந்தப் பெயர் ஜாவாத் தீவுத் தவளைக்குச் சொந்தமானது. பிறகு மரபணுவும் குரலும் பார்த்து, இங்கே இருப்பவை வேறு என்று பிரித்தார்கள். ஜெர்டன் வைத்துப் பிறர் மறந்த ‘அக்ரிகோலா’ போன்ற பெயர்கள் மறுபடி புழக்கத்துக்கு வந்தன. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. பழைய பெயரைத் தேடாமல் புதுப்பெயர் வைத்தால், பின்னால் ஒருவர் வந்து “இது 1853-லேயே பெயர் வாங்கியது” என்று காட்டுவார். புதுப்பெயர் இணைப்பெயராகி ஓரமாகப் போய்விடும். அதனால் ஒரு நல்ல ஆய்வாளரின் நேரத்தில் பெரும்பங்கு குட்டைக் கரையைவிட நூலகத்திலும் அருங்காட்சியக அலமாரி முன்னாலும்தான் கழிகிறது. அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஒரு புது இனம் என்று சொல்ல அதைக் கொல்லத்தான் வேண்டுமா?

மனசுக்குச் சங்கடமான கேள்வி. கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்று நூறு வருடம் கழித்தும் சரிபார்க்க ஒரு பொருள் வேண்டும். அதற்கு ஹோலோடைப் என்கிற மூலமாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று கட்டுரையில் எழுத வேண்டும். 1999-க்குப் பிந்திய பெயர்களுக்குப் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மேலண்ணப் பல், தசை, எலும்பு போன்றவற்றை உயிருள்ள தவளையில் முழுதாகப் பார்க்க முடியாது. அனுமதி பெற்றவர்கள் மிகச் சில தவளைகளை மட்டும் மயக்கமருந்தில் வலியில்லாமல் முடித்து எடுப்பார்கள். டிஎன்ஏவுக்குத் தசைத் துண்டு முதலில் சுத்த எத்தனாலுக்குப் போகும், ஏனென்றால் ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். பிறகு உடல் ஃபார்மலினில் உறுதிப்பட்டு, 70 சதவீத எத்தனாலில் நிரந்தரமாக இருக்கும். நிறம் போய்விடும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுவார்கள்.

ஒரு குட்டையை மண்போட்டு மூடினால் போகும் உயிர்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆனாலும் தேவைக்கு மேல் ஒன்றுகூட எடுக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நானே ஒன்றைப் பிடித்து பாட்டிலில் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. சரணாலயத்துக்குள் எதையும் எடுக்க தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இன் 39-ஆம் பிரிவுப்படி, புது இனம் கண்டுபிடிப்பவர் யாராக இருந்தாலும் அரசு இதற்கென நியமித்த நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று. அதன் தென் மண்டல மையம் சென்னையில் இருக்கிறது.

பெயர் யார் வைப்பார்கள்? என் பெயரை வைக்கச் சொல்லலாமா?

விவரணை எழுதுகிறவர்கள்தான் வைப்பார்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அழகில்லை, யாரும் செய்வதில்லை. ஊர்ப்பெயர், உடல் அடையாளம், அந்த நிலத்து மக்கள், மதிப்புக்குரிய ஒருவர் என எதையும் வைக்கலாம். ஆணின் பெயர் என்றால் கடைசியில் ‘இ’, பெண் என்றால் ‘ஏ’, ஊர் என்றால் ‘என்சிஸ்’ சேர்வது வழக்கம். நம் மாநிலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிடைத்து 2017-இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளைக்கு, 2014-இல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக ‘நாசிகாபட்ராகஸ் பூபதி’ என்று பெயர். அதன் உறவான கேரளத்து ஊதாத் தவளை 2003-இல் வெளிவந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு, மழையை ஒட்டிச் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு வெளியே வரும் தவளை அது.

செய்தித்தாளில் வந்துவிட்டால் பெயர் செல்லுமா?

செல்லாது. முகநூல் பதிவுக்கும் அதே கதிதான். விதிப்படி வெளியான ஆய்விதழில், மூலமாதிரியும் வேறுபடுத்தும் குறிப்பும் சேர்ந்து வர வேண்டும். இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழ் என்றால் 2012-லிருந்து விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ‘ஜூபேங்க்’கில் பதிவதும் கட்டாயம். கட்டுரை வருவதற்கு முன்னால் பெயரை வெளியே சொல்லாமல் இருப்பதே நல்லது.

தலைப்பிரட்டையை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். கன்னங்கரேல் என்று கூட்டமாக மேய்ந்தால் தேரைக்குஞ்சு. கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்து நடுத்தண்ணீரில் அசையாமல் மிதந்தால் குறுவாய்த் தவளையினுடையது. தண்ணீருக்கு மேல் தொட்டிச் சுவரிலோ இலையிலோ வெள்ளை நுரைக்கட்டி தெரிந்தால் அது மரத்தவளையின் கூடு. தொட்டியைக் கழுவ ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டால் விஷமா?

தொடுவதால் ஒன்றும் ஆகாது. தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் பால் கண்ணிலோ வாயிலோ பட்டால் எரியும். கையைக் கழுவிவிடுங்கள். நம் கையால் தவளைக்குத்தான் அதிக ஆபத்து. அதன் தோல் தண்ணீரையும் காற்றையும் உறிஞ்சும். சானிடைசர், கொசு மருந்து தடவிய கையால் தொடாதீர்கள்.

சரி, சந்தேகமான தவளை ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வது?

இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் கண்ணும் செவிப்பறையும் தெளிவாகத் தெரிய ஒன்று, முடிந்தால் வயிறும் தொடையின் பின்பக்கமும், கை கால்களின் அடிப்பக்கமும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், இல்லாவிட்டால் நாணயமாவது. கத்தினால் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒரு நிமிடமாவது பதியுங்கள். முடிக்கும்போது உங்கள் குரலிலேயே இடம், நேரம், வெப்பநிலை சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் படத்தின் தரம் குறையும், இடக்குறிப்பும் அழியும். ஆவணக் கோப்பாக அனுப்புங்கள், அல்லது உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். அங்கே தவளை தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். நீர்நிலை எப்படிப்பட்டது என்றும் இரண்டு வரி எழுதுங்கள். பாறைச் சுனையா, ஏரியா, மாந்தோப்பு வாய்க்காலா, கல் குவாரிக் குழியா என்பது படத்தைவிட உதவிய சந்தர்ப்பங்கள் உண்டு.

இரவில் குட்டைக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தவளை இருக்கும் இடத்தில் அதைத் தின்ன வரும் பாம்பும் இருக்கும். முழங்கால் வரை பூட்ஸ், நல்ல டார்ச், கூட ஒருவர். அஞ்செட்டி, தளி, ஒகேனக்கல் காட்டோரம் என்றால் யானை நடமாட்டத்தை வனத்துறையிடம் விசாரிக்காமல் போகவே கூடாது. ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் கழுவி, ப்ளீச்சிங் கரைசலில் நனைத்துக் காயவையுங்கள். தவளையின் தோலைத் தாக்கும், 1999-இல் விவரிக்கப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகின் பல நாடுகளில் தவளை இனங்களையே அழித்திருக்கிறது. அது ஈரச் சேற்றோடு பயணம் செய்யும்.